சிலிகான் கேக் அச்சில் ரப்பர் வாடை – குழந்தைக்குக் கொடுக்கலாமா?

மகிழ்_அம்மா:
எங்கள் வீட்டில் பால்புட்டி நிப்பிள், இட்லி அச்சு, கேக் அச்சு எல்லாமே சிலிகான்தான். கேக் அச்சை மட்டும் ஓவனில் வைத்தால் ரப்பர் வாடை அடிக்கிறது, கேக்கிலும் அது இறங்குகிறது. பிளாஸ்டிக்கே வேண்டாம் என்றுதான் இதற்கு மாறினோம். என்ன செய்வது?

அம்பத்தூர்_மோல்டர்:
சிலிகான் மோல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறேன். அந்த அச்சைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் சகோதரி. சிலிகானே கெடுதல் என்று சொல்லவில்லை. அச்சில் அழுத்தி எடுத்ததும் வேலை முடிவதில்லை. பெராக்சைடு என்ற ரசாயனம் போட்டு இறுக்கிய பொருளில் அதன் மிச்சம் தங்கும், அந்த வாடைதான் உங்களுக்கு வருவது. டி4, டி5 என்கிற சின்னச் சின்ன வளைய மூலக்கூறுகளும் உள்ளே இருக்கும். இவை வெளியேற, காற்றோட்டமுள்ள ஓவனில் 200 டிகிரியில் 4 மணி நேரம் போல வைக்க வேண்டும். போஸ்ட் க்யூரிங் என்போம். கரண்ட் செலவைப் பார்த்துச் சிலர் இதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் ஆத்திரம். ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு அரசு நிறுவனமான பி.எஃப்.ஆர். பரிந்துரைப்படி, உணவு படும் சிலிகானை அதே 200 டிகிரியில் 4 மணி நேரம் சூடாக்கினால் ஆவியாகிப் போவது 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

வெண்ணெய் சேர்த்த கேக்கில் இவை அதிகம் இறங்கும். இட்லி ஆவியில் வேகிறது, சூடு 100 டிகிரிதான், அதில் அவ்வளவு இறங்காது. நிப்பிள் பெரும்பாலும் பிளாட்டினம் க்யூரிங், அதாவது பெராக்சைடுக்குப் பதில் பிளாட்டினம் சேர்த்து இறுக்கியது, அதனால்தான் வாடை இல்லை.

தேன்மொழி_82:
முறுக்கினால் வெள்ளையாகத் தெரிவது போலி என்கிறார்களே அண்ணா? தலைக்குப் போடும் சீரத்தில் சைக்ளோபென்டாசிலாக்சேன் என்று இருக்கிறதே, அதுவும் இதுதானா?

அம்பத்தூர்_மோல்டர்:
முறுக்கிப் பார்ப்பதை நம்ப முடியாது. நிறத்தைப் பொறுத்தும் அது மாறும்.

சீரத்தில் இருப்பது அதே டி5. தடவியதும் ஆவியாகிவிடும், பிசுபிசுப்பே இருக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஷாம்பு போலக் கழுவிவிடும் பொருட்களில் டி4, டி5 இரண்டுக்கும் 2020 முதல் 0.1 சதவீத வரம்பு. தடவி விட்டுவிடும் பொருட்களுக்கு 2027 ஜூனில் வருகிறது. முக்கியமான கவலை சுற்றுச்சூழல்தான், இவை எளிதில் சிதையாமல் உயிரினங்களின் உடலில் சேரும். டி4 கருவுறுதலைப் பாதிக்கலாம் என்ற ஐயமும் அங்கே பதிவாகியிருக்கிறது. சீரங்களில் வரும் இன்னொரு சிலிகானான டைமெதிக்கோன் வேறு, அது பெரிய மூலக்கூறு, தோலுக்குள் இறங்காது.

மகிழ்_அம்மா:
குழந்தைக்கு வாயுத் தொல்லைக்கு டாக்டர் எழுதிய சொட்டு மருந்தில் சிமெதிக்கோன் என்று இருக்கிறது. அதுவும் சிலிகானா?

அம்பத்தூர்_மோல்டர்:
ஆமாம், சிலிகான் எண்ணெய்தான். குடலில் வாயுக் குமிழை உடைத்துவிட்டு, ரத்தத்தில் சேராமல் மலத்தோடு போய்விடும். டாக்டர் சொன்ன அளவில் தாராளமாகக் கொடுங்கள். அப்புறம், நிப்பிள் பிசுபிசுத்தாலோ பல் பட்டுக் கிழிந்தாலோ உடனே மாற்றிவிடுங்கள்.