ஓடு கொத்திய பின் வெளிவராத குஞ்சுக்கு உதவலாமா?

கேள்வி (தக்கலை):
வணக்கம். இன்குபேட்டரில் வைத்த 12 நாட்டுக்கோழி முட்டைகளில் ஒன்பது பொரிந்துவிட்டன. 21ஆம் நாளான இன்று காலை 6 மணிக்கு ஓட்டில் துளையிட்ட ஒரு குஞ்சு, மாலை வரை கத்துகிறதே தவிர, துளை பெரிதாகவில்லை. ஓட்டை நானே உடைத்துவிடலாமா?

மறுமொழி 1:
அவசரப்பட வேண்டாம், தம்பி. முதல் துளைக்குப் பின் 24 மணி நேரம் வரை ஆவது இயல்பே. குஞ்சு சும்மா இருப்பதுபோல் தோன்றும் அந்த நேரத்தில்தான் அது நுரையீரலால் மூச்சுவிடப் பழகுகிறது. உள்சவ்வின் இரத்தக் குழாய்கள் வற்றி, எஞ்சிய மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. அதற்குமுன் உரித்தால் இரத்தம் கசிந்து இறந்துவிடக்கூடும். ஆசையில் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதும் கேடுதான் (நானும் செய்ததுண்டு): ஈரப்பதம் வெளியேறி, சவ்வு உலர்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும்.

மறுமொழி 2 (குலசேகரம்):
நம் மாவட்டத்து மழைக்காலக் காற்று ஈரமானது என்று நம்பி இருந்துவிடாதீர்கள், 37.5 டிகிரிக்குச் சூடாகும்போது அதே காற்றின் ஒப்பு ஈரப்பதம் குறைந்துவிடும். கடைசி மூன்று நாள்களில் 65 முதல் 70 சதவீதம் வேண்டும். 24 மணி நேரம் கடந்தும் முன்னேற்றமின்றி, சவ்வு பழுப்பேறித் தோல்போல் தடித்திருந்தால் மட்டும், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால், அலகில் நீர் இறங்காதபடி சவ்வை ஈரமாக்கி, அகன்ற முனைப் பக்கமாக ஓட்டைச் சிறிது சிறிதாக நீக்குங்கள். ஒரு துளி இரத்தம் தெரிந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

கேட்டவர்:
நன்றி. தண்ணீர்த் தட்டை நிரப்பி மூடிவிட்டேன். நாளை காலை வரை திறக்கப் போவதில்லை.