இன்குபேட்டரில் (முட்டை பொரிக்கும் பெட்டியில்) வாத்து முட்டை வைத்தவர்கள், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஆரணிக்காரன்:
தெர்மாகோல் பெட்டி, 40 வாட்ஸ் பல்பு, தெர்மோஸ்டாட், எல்லாம் சொந்த வேலைதான். சன்னியாசி என்கிற நாட்டு வாத்து ரகத்தின் முட்டை 12 வைத்தேன். ஏழாம் நாள் டார்ச் அடித்ததில் மூன்றில் கரு இல்லை. 27-ஆம் நாள் ராத்திரி ஒன்று மட்டும் ஓட்டைக் குத்தியது. காலையில் பார்த்தால் அதே விரிசல், இம்மியும் பெரிதாகவில்லை. உள்ளே அலகு நுனி அசைகிறது, கீச்கீச்சென்று சத்தம். மதியம் வரை பொறுத்தேன். அப்புறம் நகத்தால் கொஞ்சம் ஓட்டைப் பெயர்த்தேன். வெள்ளைச் சவ்வு, அதில் நூல் மாதிரி சிவப்பு நரம்பு. நகம் பட்டதும் ஒரு சொட்டு ரத்தம், சவ்வெல்லாம் பரவிவிட்டது. பயந்துபோய் மூடினேன். சாயங்காலம் சத்தம் நின்றது. மற்றதில் ஆறு பொரித்தது, அது வேறு கதை. கை வைக்காமல் இருந்திருந்தால் பிழைத்திருக்குமா?

வயல்வாத்து:
எனக்கும் முதல் தடவை இரண்டு போச்சு. கை வைத்ததுதான் தப்பு தம்பி. கோழிக்கு 21 நாள், விரிசல் விட்டால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வெளியே வந்துவிடும். வாத்துக்கு 28 நாள், விரிசலுக்குப் பிறகே இரண்டு நாள்கூட ஆகும். அது சும்மா கிடக்கவில்லை. மிச்ச மஞ்சள் கரு வயிற்றுக்குள் போக வேண்டும், சவ்வு நரம்பில் இருக்கும் ரத்தம் உடம்புக்குள் இறங்க வேண்டும். 25-ஆம் நாளோடு முட்டையைத் திருப்புவதை நிறுத்துங்கள். ஈரப்பதம் அதுவரை 55 சதவீதம், அப்புறம் 70-க்கு மேல். வெப்பம் 37.5 டிகிரி, அதுவும் ஃபேன் வைத்த பெட்டிக்கு. தெர்மாமீட்டரை முட்டை உயரத்தில் வையுங்கள். கரண்ட் போனால் பெட்டி மேல் போர்வை போடுங்கள். முக்கியமாக, மூடியைத் திறக்காதீர்கள். உங்கள் பெட்டியில் ஈரம் எவ்வளவு இருந்தது?

மாடிவீடு:
பொறு பொறு என்று சொல்வது சுலபம் ஐயா. நான் பொறுத்தேன். மூடியைத் தொடவே இல்லை. விரிசல் விட்ட மூன்றாம் நாள் காலையில் ஓட்டைப் பிரித்தால், சவ்வு பசை காய்ந்த காகிதம் மாதிரி அலகைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கிறது. குஞ்சு முழு வளர்ச்சி, இறகுகூட மஞ்சளாக இருந்தது. மூக்கை மட்டும் ஈரத் துணியால் விடுவித்திருந்தால் வந்திருக்கும். அம்மாச்சி அடைக்கோழியைத்தான் வாத்து முட்டையில் உட்கார வைப்பார், ஈரப்பதம் என்ற வார்த்தையே அவருக்குத் தெரியாது.

வயல்வாத்து:
கோழி வயிற்றுச் சூடு வேறு, பல்பு சூடு வேறு. உங்கள் பெட்டியில் ஈரம் குறைந்ததால்தான் சவ்வு காய்ந்தது. நான் சொன்னதும் அதைத்தானே!

புதுப்பண்ணை:
சண்டை வேண்டாம். நான் செய்ததைக் கேளுங்கள். வாத்து என்றால் 28 நாள் என்று எண்ணி உட்கார்ந்திருந்தேன். 30-ஆம் நாள் எல்லாம் கூமுட்டை என்று முடிவு கட்டி, எருக்குழிக்குக் கொண்டுபோய் முதல் முட்டையை விட்டெறிந்தேன். உடைந்த ஓட்டில் கால் உதறியது. அது மணிலா வாத்து முட்டை. 35 நாள் ஆகும் என்று அப்புறம்தான் ஒருவர் சொன்னார். மீதி நான்கையும் ஓடிப்போய் உள்ளே வைத்தேன், நான்கும் வந்தன. ஆனால் அந்தக் கால்!

ஆரணிக்காரன்:
ஈரம் எவ்வளவு என்று கேட்டீர்கள். மீட்டர் வைக்கவே இல்லை அண்ணே. ஒரு டிபன் பாக்ஸ் மூடியில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தேன். ரத்தம் வந்த அன்று அது வற்றிப்போயிருந்ததை மறுநாள்தான் பார்த்தேன்.