முரானோ என்று சொல்லி விற்கப்படும் கண்ணாடி: சேகரிக்கும் நமக்கு நேர்ந்தவை, ஆளுக்கொரு பகுதியாக

இங்கிலாந்தில் கார் பூட் சந்தைக்கு, அதாவது காரின் பின்பெட்டியில் பழைய பொருள்களைக் கொண்டுவந்து விற்கும் சந்தைக்குப் போகிறவர்களுக்குக் கைக்குட்டை ஜாடி கண்ணில் படாமல் இருக்காது. விளிம்பெல்லாம் துணி போல மடிந்து மேலே விரிந்து நிற்கும். போன கோடையில் ஒரு மேஜையில் வெள்ளைக் கோடு போட்ட நீல ஜாடி. பக்கத்தில் ‘வெனினி, முரானோ, 1950’ என்று அட்டை. முரானோ வெனிஸ் பக்கத்தில் கண்ணாடிக்குப் பெயர்போன தீவு; வெனினி அங்குள்ள ஆலை. விலையும் அந்த அட்டைக்கு ஏற்ற விலைதான்.

எடுத்ததும் நகத்தால் கோட்டை வருடிப் பார்த்தேன். தட்டுப்பட்டது. சரி, மேலே அச்சடித்த கோடு. வெனினியில் கோடு கண்ணாடிக்குள்ளேயே இருக்கும். வெள்ளைக் கண்ணாடிக் குச்சிகளை அடுக்கி, சூட்டில் ஒன்றாக்கி, அப்புறம்தான் ஊதுவார்கள். தடிமனும் காட்டிக்கொடுத்தது. அடியிலிருந்து விளிம்புவரை ஒரே தடிமன், தட்டைக் கண்ணாடியைச் சூடாக்கி வளைத்ததற்கான அடையாளம். பர்மிங்காம் பக்கம் ஸ்மெத்விக்கில் இருந்த சான்ஸ் பிரதர்ஸ் இப்படித்தான் செய்தார்கள். 1851-இல் கிரிஸ்டல் பேலஸுக்குக் கண்ணாடி கொடுத்த அதே ஆலை. எனக்கு அதுவும் பிடிக்கும், ஆனால் அந்த விலைக்கு இல்லை. விற்றவரிடம் சொன்னேன். “இத்தாலியில் வாங்கியதாக அம்மா சொன்னார்” என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது!

அசலை ஓர் ஏல நிறுவனத்தின் பார்வை நாளில் கையில் எடுத்திருக்கிறேன். ஃபுல்வியோ பியான்கோனி 1940-களின் கடைசியில் வெனினிக்காக உருவாக்கிய வடிவம் இது. அடியில் ஆசிட்டால் பதித்த ‘வெனினி, முரானோ, இத்தாலியா’ என்ற பொடி எழுத்து மூன்று வரியில் இருந்தது. முதலில் தெரியவே இல்லை. லேசாக வாயால் ஊதி, ஆவி படிந்ததும் விளக்குப் பக்கம் சாய்த்தேன்; எழுத்து வந்தது. ஆசிட் முத்திரைக்குப் பதில் ஊசியால் கீறிய கையெழுத்தும் ஆண்டின் இரண்டு இலக்கமும் இருந்தால் அது பிற்காலத்தது. இந்த ஜாடியை வெனினி இன்றும் செய்கிறது.

———

அக்கா, முத்திரையாவது பரவாயில்லை. எனக்கு ஸ்டிக்கர்தான் தலைவலி. இங்கே ஜெர்மனியில் பழம்பொருள் சந்தைகளில் சொம்மெர்சோ நிறைய வரும். ஒரு நிறக் கண்ணாடியை இன்னொரு நிறக் குழம்பில் முக்கி, அடுக்கு மேல் அடுக்காகச் செய்வது. உடனே எல்லாரும் “செகுசோ, ஃபிளாவியோ பொலி” என்பார்கள்; முன்னது முரானோ ஆலை, பின்னவர் அதன் வடிவமைப்பாளர். பொலி 1954-இல் கொம்பாசோ தோரோ என்ற இத்தாலிய வடிவமைப்பு விருது வாங்கியவர், பெயருக்கு விலை உண்டு. ஆனால் அந்தக் காலத்துத் துண்டுகளில் பெரும்பாலானவற்றில் கையெழுத்தே கிடையாது.

ஒருவர் யூவி (புற ஊதா) டார்ச் அடித்து, பச்சையாக ஒளிர்ந்ததும் “பாருங்க, முரானோ!” என்றார். அது யுரேனியம் இருப்பதைச் சொல்லும், அவ்வளவுதான். செக் ஆலைகளும் யுரேனியம் போட்டிருக்கின்றன. அவர் காட்டிய ஜாடியின் இழுத்து விட்ட கூர்முனைகள் எனக்குச் செக் நாட்டின் க்ரிப்ஸ்கா ஆலையைத்தான் நினைவுபடுத்தின. யோசெஃப் ஹொஸ்போட்கா அங்கே செய்த வடிவங்கள் முரானோ என்றே விலைபோகின்றன. அவர் ஜாடியில் முரானோ ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஸ்டிக்கரைப் பிய்த்து ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்? ஆலைகளின் பழைய பட்டியல்களில் அதே வடிவம், அதே அளவு கிடைத்தால் மட்டும் நான் பெயர் சொல்வேன். இல்லையென்றால் ‘முரானோவாக இருக்கலாம்’ என்பதோடு சரி.

———

வயது பற்றி ஒரு வார்த்தை. அடியில், அலமாரியைத் தொடும் வளையத்தில் மட்டும் பாருங்கள். பல வருடம் தூக்கி வைத்த ஜாடியில் மெல்லிய கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடும், சில ஆழம், சில மேலோட்டம். ஒரே திசையில் இணைகோடாக இருந்தால் உப்புத்தாள் வேலை. தொடாத குழியிலும் தேய்மானம் தெரிந்தால் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

அப்புறம் மூடியோடு வரும் அந்த உயரமான பச்சைக் கண்ணாடிப் பாட்டில்கள். 1960-களில் டஸ்கனியின் எம்போலியில் ஏராளமாகச் செய்தார்கள். இத்தாலிதான், முரானோ இல்லை. எனக்கு வந்த ஒன்றில் மூடி வேறு பாட்டிலுடையது போலத் தளர்வாக உட்காருகிறது. எம்போலி ஸ்டிக்கர் கிழியாமல் இருக்கும் பாட்டில் யாரிடமாவது இருந்தால், அடிப்பக்கத்தோடு மூடியின் தண்டையும் படம் எடுத்துப் போடுங்கள்.