வாலட் கையொப்பமிட்டுத் திருப்பித் தரும் டிரான்ஸாக்ஷன் நாம் அனுப்பியது போல் இல்லை (சொலானா)

கேள்வி

வணக்கம். சொலானா பிளாக்செயினில் ஒரு சிறிய கட்டணப் பக்கம் செய்துகொண்டிருக்கிறேன். வாங்குபவரிடம் யுஎஸ்டிசி (டாலர் மதிப்புள்ள டோக்கன்) இருந்தால் போதும், நெட்வொர்க் கட்டணத்தை எங்கள் சர்வர் கட்டிவிடும். அதனால் ஃபீ பேயர் (கட்டணம் செலுத்தும் கணக்கு) எங்களுடையது. சர்வர் டிரான்ஸாக்ஷனைத் தயாரித்து அனுப்பும், வாங்குபவர் வாலட்டில் கையொப்பமிடுவார், திரும்பி வந்ததும் சர்வரும் கையொப்பமிட்டு நெட்வொர்க்குக்கு அனுப்பும். அதற்கு முன், அனுப்பிய மெசேஜும் (கையொப்பங்கள் நீங்கலான டிரான்ஸாக்ஷன் உள்ளடக்கம்) வந்த மெசேஜும் பைட் பைட்டாக ஒன்றுதானா என்று பார்க்கிறேன்.

ஒரு வாலட்டில் நன்றாக ஓடுகிறது. இன்னொன்றில் எப்போதும் பொருந்தாமல் நிற்கிறது. பிரித்துப் பார்த்தேன். நான் போட்டது ஒரே ஒரு டோக்கன் டிரான்ஸ்ஃபர். வந்ததில் முன்னால் இரண்டு கம்ப்யூட் பட்ஜெட் இன்ஸ்ட்ரக்ஷன், கடைசியில் நான் கேள்விப்படாத ஒரு புரோகிராம். தொகையும் பெறுநரும் மாறவில்லை. நடுவில் யாராவது புகுந்துவிட்டார்களா? இந்தச் சோதனையை எடுத்துவிடலாமா?

பதில் 1

எடுத்துவிடாதீர்கள். அந்தப் புரோகிராம் முகவரி 'L2TEx' என்று தொடங்குகிறதா? அப்படியானால் அது லைட்ஹவுஸ், கணக்குகளின் நிலையைச் சரிபார்க்கும் புரோகிராம். முழு முகவரியையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், முதல் சில எழுத்து பொருந்துவது போதாது.

வாலட் கையொப்பத்துக்கு முன் சிமுலேஷன் (ஒத்திகை) ஓட்டி "இவ்வளவு போகும், இவ்வளவு வரும்" என்று காட்டுகிறது. ஆனால் சிமுலேஷனுக்கும் உண்மையில் ஓடுவதற்கும் நடுவே, மோசடிப் புரோகிராம் தன் நிலையை மாற்றிக்கொண்டு கணக்கையே காலி செய்ய முடியும். அதைத் தடுக்கத்தான் வாலட் கடைசியில் ஒரு நிபந்தனை சேர்க்கிறது: பயனரின் இருப்பு இந்த அளவுக்குக் கீழே போயிருந்தால் டிரான்ஸாக்ஷன் முழுவதும் தோற்கட்டும். பயனரைக் காக்கும் வேலை இது. என்னைக் கேட்டால் வாலட்டுக்கு இந்த உரிமை இருக்க வேண்டும்.

கம்ப்யூட் பட்ஜெட் இரண்டும் (யூனிட் வரம்பு, யூனிட் விலை) முன்னுரிமைக் கட்டணத்துக்கானவை, அதாவது டிரான்ஸாக்ஷன் சீக்கிரம் ஏறக் கூடுதலாகக் கட்டுவது. அவற்றை நீங்களே போட்டு அனுப்பினால் பொதுவாக வாலட் அதைத் தொடாது. ஆனால் வரம்பை இறுக்கிப் பிடிக்காதீர்கள், லைட்ஹவுஸ் ஓடவும் கம்ப்யூட் யூனிட் (கணிப்பு வேலையை அளக்கும் அலகு) வேண்டும். மொத்த அளவு 1232 பைட்டைத் தாண்டக் கூடாது என்பதால் அங்கேயும் கொஞ்சம் இடம் விடுங்கள்.

பதில் 2

நான் வேறு வழி சொல்வேன். சர்வரே முதலில் கையொப்பமிட்டு அனுப்பட்டும். கையொப்பம் மெசேஜ் முழுவதன் மீதும் இருப்பதால், வாலட் ஒரு பைட்டைத் தொட்டாலும் உங்கள் கையொப்பம் செல்லாமல் போகும்.

பதில் 1

அது நடக்கும். ஆனால் பயனருக்குக் கிடைத்த பாதுகாப்பு போய்விடும். அதோடு உங்கள் பணத்தில் ஓடும் ஒரு டிரான்ஸாக்ஷனை முன்கூட்டியே கையொப்பமிட்டு வெளியே கொடுத்துவிடுகிறீர்கள். பிளாக்ஹாஷ் (டிரான்ஸாக்ஷனில் சேர்க்கும் அண்மை பிளாக்கின் அடையாளம்) காலாவதியாகும்வரை, ஏறத்தாழ ஒரு நிமிடம், வாங்குபவர் விரும்பியபோது அனுப்பலாம். மாற்றக்கூடியவர் முதலில், மாற்றாதவர் பிறகு என்பதே சரியான வரிசை. சொலானா கிட் என்ற நிரல் நூலகத்திலும் மாடிஃபையிங் சைனர் (மாற்றக்கூடியவர்) முதலில், பார்ஷியல் சைனர் (கையொப்பம் மட்டும் இடுபவர்) அப்புறம் என்றுதான் வைத்திருக்கிறார்கள்.

கேட்டவர்

முகவரி முழுவதும் பொருந்துகிறது, லைட்ஹவுஸ்தான். சரி, பைட் ஒப்பீட்டுக்குப் பதில் என்ன பார்ப்பது?

பதில் 1

டிகோட் செய்து அர்த்தத்தைப் பாருங்கள். ஃபீ பேயர் நீங்கள்தானா, உங்கள் டிரான்ஸ்ஃபர் அப்படியே ஒரே ஒருமுறை இருக்கிறதா என்பது முதல் சோதனை. கணக்குகளை வரிசை எண்ணால் ஒப்பிடாதீர்கள். புதுப் புரோகிராம் நுழைந்ததும் கணக்குப் பட்டியல் மாறி எண்கள் நகர்ந்திருக்கும். எண்ணை முகவரியாக மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

கூடுதலாக வந்தவற்றில் கம்ப்யூட் பட்ஜெட், லைட்ஹவுஸ் இரண்டையும் மட்டும் அனுமதியுங்கள். வேறு எது வந்தாலும் நிராகரிப்பு.

இதைவிட முக்கியம் உங்கள் பணம். முன்னுரிமைக் கட்டணமும் ஃபீ பேயர் கணக்கிலிருந்தே போகிறது. யூனிட் வரம்பை மைக்ரோலாம்போர்ட் விலையால் பெருக்கி 10 லட்சத்தால் வகுத்தால் கட்டணம் லாம்போர்ட்டில் (சொலானா நாணயத்தின் மிகச் சிறிய அலகு) வரும். வரம்பு 2,00,000 யூனிட், ஒரு யூனிட்டின் விலை 50,000 மைக்ரோலாம்போர்ட் என்றால் 10,000 லாம்போர்ட். அது பெரிதில்லை. ஆனால் வேண்டுமென்றே யாராவது விலையைக் கோடிக்கணக்கில் ஏற்றி அனுப்பலாம், நீங்கள் பார்க்காமல் கையொப்பமிட்டால் கணக்கு காலி. கட்டாயம் ஓர் உச்சவரம்பு வையுங்கள்.

இன்னொன்று. எழுதலாமா, கையொப்பம் உண்டா என்ற அனுமதி சொலானாவில் மெசேஜ் முழுவதற்கும் சேர்த்துத்தான் குறிக்கப்படுகிறது, இன்ஸ்ட்ரக்ஷன் வாரியாக அல்ல. அதனால் கூடுதல் இன்ஸ்ட்ரக்ஷன் எதிலாவது உங்கள் ஃபீ பேயர் முகவரி இருந்தால் யோசிக்காமல் மறுத்துவிடுங்கள்.

பதில் 3

நாம் கேட்டது வாலட்டில் மாறுவது எத்தீரியம் பிளாக்செயினிலும் உண்டு, அங்கேயும் கவனம் வேண்டும். டோக்கன் அப்ரூவல் (பயனரின் டோக்கனைச் செலவிட அனுமதி) கேட்கும்போது மெட்டாமாஸ்க் வாலட்டில் செலவு வரம்பைப் பயனரே குறைக்க முடியும். கேட்ட தொகை கிடைத்துவிட்டது என்று எண்ணி அடுத்த படிக்குப் போகாமல், அப்ரூவல் உறுதியானதும் அலவன்ஸைச் (அனுமதித்த தொகையை) செயினில் படித்துப் பாருங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. உச்சவரம்புடன் மாற்றி எழுதினேன், இரண்டு வாலட்டிலும் ஓடுகிறது. ஆர்டரைக் கண்டுபிடிக்க மெசேஜ் ஹாஷைத்தான் டேட்டாபேஸில் சேமித்து வருகிறேன். இனி அது பொருந்தாதே?

பதில் 1

பொருந்தாது. ஆர்டருக்கு ஒன்றாக ஒரு புதிய பொதுச் சாவியை உருவாக்கி, டிரான்ஸ்ஃபர் இன்ஸ்ட்ரக்ஷனில் படிக்க மட்டுமான கணக்காகச் சேருங்கள். சொலானா பே என்ற கட்டண நெறிமுறையில் ரெஃபரன்ஸ் என்பது இதுதான். வாலட் எதைச் சேர்த்தாலும், அந்தச் சாவியை வைத்துச் செயினில் தேடினால் டிரான்ஸாக்ஷன் கிடைத்துவிடும்.