லூகாஸ் ஹார்னஸ்: டாஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் மூன்று ஒயர்கள் எதற்கு?

கேள்வி:
1960களின் பிரிட்டிஷ் கார்; ஹார்னஸ் (மின் ஒயர்க் கட்டு) லூகாஸ் கம்பெனியுடையது. மூன்று ஒயர்கள் எதிலும் சேராமல் தொங்குகின்றன. ஒன்று பச்சையில் ஊதாக் கோடு, இன்னொன்று ஊதாவில் வெள்ளைக் கோடு. மூன்றாவது மெல்லிய கறுப்பு. அந்தக் கறுப்பு ஒயரின் நடுவில் ஒரு கண்ணாடி ஃபியூஸ் இருக்கிறது. பிரேக் விளக்கும் கதவைத் திறந்தால் எரியும் உள்விளக்கும் வேலை செய்யவில்லை. ஒவ்வொன்றிலும் 12 வோல்ட்டைத் தொட்டுப் பார்க்கலாமா?

பதில் 1:
நேராகத் தொடாதீர்கள் சார். லூகாஸ் ஹார்னஸில் அடிப்படை நிறம்தான் எந்தச் சுற்று என்று சொல்லும். பிரவுன்: ஃபியூஸ் இல்லாமல் எப்போதும் பேட்டரி. ஊதா: ஃபியூஸ் வழியாக எப்போதும். வெள்ளை: சாவி போட்டால், ஃபியூஸ் இல்லாமல். பச்சை: சாவி போட்டால், ஃபியூஸ் வழியாக. கறுப்பு: எர்த், அதாவது கார் பாடியோடு சேர்வது.

பச்சை-ஊதா, பிரேக் சுவிட்சிலிருந்து பின்விளக்குக்குப் போவது. ஊதா-வெள்ளை, உள்விளக்கிலிருந்து கதவு சுவிட்சுக்கு. இதில்தான் ஆபத்து. கதவு திறந்திருந்தால் சுவிட்ச் அதை எர்த்தில் சேர்த்திருக்கும்; பேட்டரியைத் தொட்டால் நேரடி ஷார்ட், வழியில் ஃபியூஸும் கிடையாது. ஒயர் உருகும்.

பேட்டரிக்கும் ஒயருக்கும் இடையில் ஒரு 21 வாட் பல்பை வையுங்கள். அது பளிச்சென்று எரிந்தால் மறுமுனை எர்த்தில் இருக்கிறது. கொஞ்சம் மங்கலாக எரிந்தால் வழியில் ஏதோ லோடு (பல்ப் போல மின்சாரம் இழுப்பது) இருக்கிறது. எரியவே இல்லையென்றால் எங்கோ அறுந்திருக்கலாம், அல்லது வழியிலுள்ள சுவிட்ச் ஆஃபில் இருக்கலாம்.

பதில் 2:
பேட்டரியின் எந்த முனை எர்த் என்று முதலில் பாருங்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். கறுப்பு ஒயரில் கம்பெனி ஃபியூஸ் போடாது. அது பின்னால் யாரோ சேர்த்தது, ரேடியோவுக்காக இருக்கலாம். பாசிட்டிவ் எர்த் காரில் ரேடியோவின் கறுப்பு ஒயர்தான் பேட்டரி பக்கம் போகும். ஆகவே கறுப்பென்றால் எர்த் என்று நம்பி பாடியில் முறுக்கிவிடாதீர்கள். கையாலேயே தடவி முனைவரை போங்கள்.

ஒயர் இழைகளையும் எண்ணுங்கள். 0.30 மி.மீ. இழை 14 இருந்தால் 8.75 ஆம்பியர்தான் தாங்கும், 28 இருந்தால் 17.5. பழைய லூகாஸ் ஃபியூஸில் 35 என்பது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17. இன்றைய 35 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டால் ஃபியூஸுக்கு முன்னால் ஒயர் வெந்துவிடும்.

பதில் 3:
மல்டிமீட்டரில் ஓம் பார்க்கிறவர்கள் பல்பைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். 21 வாட் பல்ப் எரியும்போது ஏறக்குறைய 7 ஓம். குளிர்ந்திருக்கும்போது 1 ஓமுக்கும் கீழே காட்டும், ஷார்ட் என்று ஏமாந்துவிடுவோம். வோல்ட்டும் ஏமாற்றும்: பச்சை பூத்த புல்லட் கனெக்டர் (ஒயர்களைச் சேர்க்கும் உருளை முனை) வழியாகக்கூட மீட்டர் 12 காட்டும், பல்பு மட்டும் எரியாது.

நிறம் வெளுத்திருந்தால் ஹார்னஸ் டேப்பை 5 செ.மீ. பிரியுங்கள், உள்ளே பழைய நிறம் அப்படியே இருக்கும். ஜெர்மன் கார் ஒயரைச் சேர்த்திருந்தால் கவனம்: அங்கே பிரவுன்தான் எர்த்.

கேள்வி கேட்டவர்:
நெகட்டிவ் எர்த்தான். பச்சை-ஊதாவில் 21 வாட் பல்பு வைத்தேன். அது கொஞ்சம் மங்கலாகவும் இரண்டு பிரேக் பல்பும் இன்னும் மங்கலாகவும் எரிகின்றன.

பதில் 1:
அப்படியானால் பின்பக்கம் சரி. சுவிட்சுக்கு வரும் பச்சையில் சாவி போட்டதும் டெஸ்ட் லாம்ப் (மறுமுனையைப் பாடியில் சேர்த்த பல்ப்) எரிகிறதா பாருங்கள். எரிந்தால் பச்சையையும் பச்சை-ஊதாவையும் ஒரு துண்டு ஒயரால் சேருங்கள். பிரேக் விளக்கு முழுசாக எரிந்தால் பச்சை-ஊதாவை சுவிட்சில் மாட்டி பெடலை மிதியுங்கள். அப்போதும் எரியாவிட்டால் சுவிட்சை மாற்றுங்கள்.