மறுமொழி: மறுமொழி: நடன வகுப்புக் காசும் சனசமூக நிலையப் பூட்டும்

அன்புள்ள ஊரவர்களுக்கு வணக்கம்.

ரொறன்ரோ அத்தான் ஊருக்குப் போய் வந்து போட்ட மூன்று படங்களையும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சனசமூக நிலையக் கதவில் பூட்டு. ஜன்னலுக்குள்ளால் எடுத்த வெறும் வாங்குகள். மூலையில் ஒரு பெரிய அலுமினியப் பானை, விலைத்துண்டுகூடக் கிழிக்காமல். கீழே "பார்க்கக் கவலையாக இருந்தது" என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குப் பிறகு இந்தக் குழுவில் பதினொரு மடல் வந்துவிட்டது. லண்டனிலிருந்து சூமில், காணொளி வழியாக, நான் நடன வகுப்பு எடுத்து அனுப்புகிற காசில்தான் அந்த நிலையத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பும் கடலையும் நடக்கிறது. அந்தக் காசு எங்கே போகிறது என்று என்னிடம் நேரே ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அத்தான், நீங்கள் காலை பத்து மணிக்குப் போயிருக்கிறீர்கள். அது மாலை வகுப்பு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு, வீட்டுக்குப் போய் முகம் கழுவி, நாலு மணிக்குத்தான் வருவார்கள். காலையில் போனால் பூட்டுத்தான் தெரியும். பானை விஷயத்தில் பிழை எங்களுடையதுதான். ஊரில் படிக்க வருகிற 28 பிள்ளைகளுக்குக் கடலை அவிக்க அவ்வளவு பெரிய பானை தேவையில்லை, அது கல்யாண வீட்டுப் பானை. சமைக்கிற அக்கா தன் வீட்டுப் பானையில் அவித்து, தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்துச் சைக்கிளில் கொண்டு வருகிறார். பானையைக் கோயில் மடத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

இனிக் கணக்கு. ஊர்ச் சங்கப் பொருளாளர் அண்ணா, கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். என் நடன வகுப்பில் 17 பிள்ளைகள். இரண்டு பேரிடம் காசு வாங்குவதில்லை, யார் என்று கேட்க வேண்டாம். மற்ற 15 பேரும் மாதம் 20 பவுண். தை முதல் ஆடி வரை ஏழு மாதம், 2,100 வர வேண்டும். ஊருக்குப் போனது 1,950. மிச்சம் 150இல் சூம் சந்தா 105, காசு அனுப்பிய கட்டணம் 21. கடைசி 24 பவுணைத் தேடி இரண்டு இரவு நித்திரை கொள்ளவில்லை. பிறகுதான் பிடிபட்டது. ரொறன்ரோப் பிள்ளைகள் நாலு பேரும் 35 டொலர் போடுகிறார்கள். அது பவுணாக மாறும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு பவுணுக்குக் கொஞ்சம் குறைய விழும். ஏழு மாதத்தில் 28 தடவை. அந்த 24 அங்கேதான் போயிருக்கிறது.

சூம் சந்தாவைச் சங்கத்திடம் கேட்காமல் வகுப்புக் காசில் எடுத்தது என் பிழை. ஒத்துக்கொள்கிறேன். இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் வகுப்பு அறுந்துவிடும். அதுவும் எப்போதும், பரதத்தின் அடிப்படை அசைவுகளில் ஒன்றான நாட்டடவு, ஆக வேகமான மூன்றாம் காலத்துக்கு வரும்போதுதான் அறும்.

கிஃப்ட் எய்ட், அதாவது நன்கொடைக்கு மேல் பிரித்தானிய வரித் திணைக்களம் தருகிற காசு, ஏன் கோரவில்லை என்றும் குழுவில் எழுதியிருந்தீர்கள். பவுணுக்கு 25 பென்ஸ் கிடைக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் தாய் தகப்பன் கொடுப்பது பிள்ளை படிக்கிற வகுப்புக்கான காசு. அதை நன்கொடை என்று எழுதிக் கையெழுத்து வைக்க நான் ஆயத்தமில்லை. வரித் திணைக்களத்துக்குக் கடிதம் எழுதுகிற வயது எனக்குத் தாண்டிவிட்டது.

"இதென்ன, லப்டொப்புக்கு முன்னால் நின்று கையைக் காலை ஆட்டுவதுதானே" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒரு சனிக்கிழமை வந்து பாருங்கள். தாளத்துக்கு நான் தட்டுகிற தட்டுக்கழிச் சத்தத்தைச் சூம் இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும், அதற்கென்று ஓர் அமைப்பை மாற்ற வேண்டும். அதை நான் கண்டுபிடிக்க மூன்று வாரம், அதுவரை பிள்ளைகள் என் வாயசைவைப் பார்த்தே, காலைத் தரையில் தட்டி ஆடுகிற தட்டடவு செய்தார்கள். சத்தம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு நேரத்தில் போய்ச் சேர்வதால், எத்தனை பேர் சரியாக ஆடினாலும் என் திரையில் அத்தனை தாளம். எல்லோருடைய மைக்கையும் அடைத்துவிட்டு, ஒவ்வொருவராகத் திறந்து பார்க்கிறேன். லண்டனில் பாதி வீட்டில் கம்பளம், தட்டினால் சத்தமே வராது. ஒஸ்லோவில் ஒரு பிள்ளை மூன்றாம் மாடி. கீழ்வீட்டுக்காரர் முறைப்பாடு செய்ததால் அவள் குளியலறை ஓட்டுத் தரையில் நின்று ஆடுகிறாள், தோளுக்குப் பின்னால் உடுப்புத் தோய்க்கிற மெஷின். முழங்காலை இருபக்கமும் மடக்கி நிற்கிற அரைமண்டி, அவளுடையதுதான் இந்த வகுப்பில் ஆகத் திறம்.

ஜேர்மன் பெரியப்பாவுக்கு இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. "எங்கள் பிள்ளைகளை ஆட வைத்து ஊருக்குப் பிச்சை எடுப்பதா" என்று எழுதியிருக்கிறீர்கள். பெரியப்பா, உங்கள் வீட்டு அரங்கேற்றத்துக்கு நானும் வந்தேன். மண்டபம், மேடைப் பூ, சென்னையிலிருந்து கூப்பிட்ட பக்கவாத்தியம், நானூறு பேருக்குச் சாப்பாடு. அன்றைக்கு ஆடினால் பெருமை, இன்றைக்கு ஆடினால் பிச்சையா? 96இல் வன்னியில் அம்மா யாருக்காக எதை விற்றா என்பது உங்களுக்குத் தெரியும். நான் அதை இங்கே எழுதப் போவதில்லை.

நான் ஆடப் பழகியதும் அந்தச் சனசமூக நிலையத்தில்தான். பத்திரிகை மேசையைச் சுவரோடு தள்ளிவிட்டுச் சீமெந்துத் தரையில் நிற்போம். ரீச்சர் மருதனார்மடம் நுண்கலைக் கழகத்தில் படித்தவ, சைக்கிளில் வருவா. பெற்றோல் மக்ஸ் மங்கத் தொடங்கினால் வகுப்பு முடிந்தது என்று அர்த்தம். வட இலங்கைச் சங்கீத சபையின் நடனப் பரீட்சையில் இரண்டாந்தரம் பாஸ் பண்ணினேன், மூன்றாந்தரத்துக்குக் காசு கட்டியிருந்தோம். போரால் யாழ்ப்பாணத்துச் சனம் ஊரை விட்டு வெளிக்கிட்ட 95 ஐப்பசி இடப்பெயர்வில் சலங்கையை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டுப் போனேன், நாலு நாளில் திரும்பி வருவோம் என்று நினைத்துக்கொண்டு. அத்தானுடைய இரண்டாவது படத்தில் வலப்பக்கச் சுவரைப் பெரிதாக்கிப் பாருங்கள். பத்திரிகை மேசை இன்னும் அதே சுவரோடுதான் நிற்கிறது.

கணக்குப் புத்தகத்தைப் பொருளாளர் அண்ணாவுக்கு அனுப்பிவிட்டேன். யாராவது ஒருவர் ஊரில் மாலை நாலு மணிக்குப் போய்ப் பார்த்து எழுதும்வரை புதுப் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டேன். இருக்கிற பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கும்.

லண்டன், நடன வகுப்பு

——

பொருளாளரிடமிருந்து:

தங்கச்சி, கண்ணாடி போட்டுத்தான் பார்த்தேன். கூட்டல் சரி. 24 பவுணை "நாணயமாற்று இழப்பு" என்று தனி வரியாகப் போட்டிருக்கிறேன். சூம் பற்றுச்சீட்டு ஏழில் ஆறுதான் இருக்கிறது, சித்திரை மாதத்தைக் காணவில்லை. பானை எவ்வளவுக்கு வாங்கியது? அதற்கும் துண்டு இல்லை. விலை அத்தானுடைய படத்தில் தெரியும் போலிருக்கிறது, யாராவது பெரிதாக்கிப் பார்த்துச் சொல்லுங்கள்.

——

ஜேர்மனியிலிருந்து:

பிள்ளை, அரங்கேற்றத்தை இதற்குள் இழுத்திருக்க வேண்டாம். மேடைப் பூ நாங்களே கட்டியது. மற்ற விஷயம் நான் மறக்கவில்லை. உன் அம்மாவுக்கு ஆள் அனுப்பிக் கொடுத்தபோது வாங்கமாட்டேன் என்றா. அதையும் நீ கேட்டுப் பார். ஆசிரியர் இருவருக்கும் இந்த மாதக் கொடுப்பனவை நான் போடுகிறேன், என் பெயர் அறிக்கையில் வரக்கூடாது.

——

ரொறன்ரோவிலிருந்து:

நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. கவலை என்றுதான் எழுதினேன். பின்னேரம் போக நினைத்தேன், வான்காரன் நாலு மணிக்குள் வாகனத்தை விட வேண்டும் என்றான். தம்பியின் மகனை அனுப்பிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். விலைத்துண்டில் கடைப்பெயர்தான் தெரிகிறது, விலை மடிந்து கிடக்கிறது.

——

மெல்பேர்ணிலிருந்து:

மச்சாள், சண்டை முடிந்தால் இதையும் பாருங்கோ. வருகிற ஞாயிறு கோடைகால நேர மாற்றத்தால் எங்களுக்கு மணி ஒன்று முன்னுக்குப் போகிறது. உங்கள் சனி காலை எட்டரை வகுப்பு எங்களுக்கு மாலை ஐந்தரைக்கு இருந்தது, இனி ஆறரை. மாத முடிவில் நீங்களும் மணியைப் பின்னுக்கு மாற்றினால் ஏழரை ஆகிவிடும். சின்னவன் ஏழரைக்கு நித்திரை. எட்டரையை ஏழரை ஆக்கலாமா, இல்லை ஒஸ்லோப் பிள்ளைக்கு அந்த நேரம் குளியலறை கிடைக்காதா?