‘ஃப்ளரி’ என்று எழுதி மாட்டிக்கொண்டேன்

கிரிக்கெட் வர்ணனையில்தான் இந்தச் சொல்லை முதலில் கேட்டேன். கடைசி ஓவர்களில் வெளுத்து வாங்கினால் ‘ஃப்ளரி ஆஃப் பவுண்டரீஸ்’ என்பார்கள் இல்லையா, அதனால் ஃப்ளரி என்றால் சரமாரி என்றே மனதில் பதிந்துவிட்டது. டொரோண்டோவில் கிடங்கு வேலை. ஒரு ஜனவரி காலை லாரி இரண்டு மணி நேரம் தாமதம், கனடா வானிலை அறிவிப்பிலும் பனிப்பொழிவுக்கு ‘ஃப்ளரீஸ், 5 சென்டிமீட்டர்’ என்றுதான் இருந்தது, நானும் காரணம் என்ற இடத்தில் ‘ஃப்ளரீஸ்’ என்று எழுதி அமெரிக்காவில், பஃபலோவில் இருந்த தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். “ஃப்ளரிக்கெல்லாமா லாரி நிற்கும்?” என்று பதில் வந்தது. பஃபலோக்காரர், ஏரிக்காற்று கொண்டுவந்து கொட்டும் பனியை ஆள் உயரத்துக்குப் பார்த்தவர், கேட்கத்தான் செய்வார்.

அப்புறம்தான் தேடிப் பார்த்தேன். அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவைக்கு ஃப்ளரி என்றால் கொஞ்ச நேரம் லேசாகப் பறந்துவிட்டு நின்றுபோகும் ஸ்நோ; தரையில் கோலமாவு தூவிய அளவுக்குத் தங்கினாலே பெரிது. அதற்கு மேல் தேங்கினால் ‘ஸ்நோ ஷவர்’. கனடா அறிவிப்பில் இரண்டுக்கும் ஃப்ளரீஸ்தான். அவர் ஊர்க் கணக்கில் அவர் சரி, என் ஊர்க் கணக்கில் நான் சரி, திட்டு மட்டும் எனக்கு. இப்போதெல்லாம் சொல்லே வேண்டாம் என்று சென்டிமீட்டரை எழுதிவிடுகிறேன்.

*

டொரோண்டோ நண்பருக்கு நடந்ததற்கு நேர் எதிராக எனக்கு நடந்தது. நான் அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் இருக்கிறேன். “கொஞ்சம் ஃப்ளரிதான், பத்து நிமிடத்தில் வந்துவிடுவேன்” என்று மேலாளருக்குச் செய்தி போட்டுவிட்டுக் கிளம்பினால், நெடுஞ்சாலை ஏறியதும் கைபேசி அலறியது: ‘ஸ்நோ ஸ்குவால்’ எச்சரிக்கை. அதுவும் கொஞ்ச நேரப் பனிதான், ஆனால் பலத்த காற்றோடு வரும், முன்னால் போகிற வண்டியே தெரியாது. 2022 மார்ச் 28 அன்று இங்கே ஐ-81 சாலையில் 80 வண்டிகள் வரை மோதி 6 பேர் இறந்தது அப்படி ஒரு ஸ்குவாலில்தான். வந்த வழியே திரும்பி, ‘ஃப்ளரி இல்லை, வரவில்லை’ என்று அடுத்த செய்தி போட்டேன்.

*

தமிழில் எழுதும்போது இன்னும் வம்பு. ‘இன்று இங்கே லேசான பனி’ என்று ஊருக்கு எழுதினால், அம்மா மார்கழிப் பனி என்று நினைத்துக்கொண்டு “தலையில் துண்டு கட்டிக்கொள்” என்கிறார். ஃப்ளரிக்கு என்ன எழுதுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, கார்க் கண்ணாடியைத் துடைத்தபடி மாமா சாதாரணமாகச் சொன்னார்: “ஸ்நோ தூறுது.” அதேதான்! எங்கள் தமிழ்ச் சங்க மலருக்கு ‘பனித்தூறல்’ என்று எழுதிக் கொடுத்தேன். அச்சில் ‘பனிப்புயல்’ என்று வந்தது.